பழைய பங்களோ, குளிரும் தரை: புது ஃபேர்னஸ் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கேள்வி சுருக்கமாக இது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 1960-களில் கட்டிய செங்கல் பங்களோ. மேல்தளம் ஏறத்தாழ 1,100 சதுர அடி, கீழே பாதி முடித்த பேஸ்மென்ற். வீட்டைச் சூடாக்கும் காஸ் ஃபேர்னஸுக்கு வயது 18. தை, மாசியில் காஸ் பில் எகிறுகிறது, அப்படியும் முன் அறைத் தரை சில்லிடுகிறது. யன்னல்களை மாற்றுவதா, புது ஃபேர்னஸ் போடுவதா, வெளிக்காற்றின் சூட்டை மின்சாரத்தால் உள்ளே கொண்டுவரும் ஹீற் பம்புக்குப் போவதா?

முதலில் இந்த மூன்றுமே வேண்டாம். வீட்டுக்குள் காற்று ஒழுகும் இடங்களை அடைத்துவிடுங்கள், அற்றிக்கில் (கூரைக்கு அடியில் உள்ள வெற்றிடத்தில்) சூட்டைத் தடுக்கும் இன்சுலேசனைக் கூட்டுங்கள். அதற்குப் பிறகு ஹீற் பம்ப். யன்னல் கடைசி. ஒழுகுகிற வீட்டின் அளவுக்கு மெஷின் வாங்கிவிட்டுப் பிறகு ஒழுக்கை அடைத்தால், பெரிய மெஷினுக்குக் கொடுத்த காசு வீண். அதோடு அளவு மிஞ்சிய மெஷின் ஐந்து நிமிடம் ஓடி நின்று, திரும்ப ஓடி, அறைக்கு அறை சூட்டை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும்.

தரை ஏன் குளிர்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். சூடான காற்று மேலே போகும். அற்றிக் மூடியின் விளிம்பு, கழிவுக் குழாய் மேலேறும் ஓட்டை, கூரை விளக்குகளின் பெட்டி, மேல்தளச் சுவர்களின் உச்சி ஆகிய இடுக்குகளால் அது வெளியேறும். வெளியேறிய அளவுக்கு வெளிக்காற்று கீழிருந்து உள்ளே இழுபடும். அது நுழையும் முக்கிய வழி, அத்திவாரத்தின் மேல் மரச்சட்டங்கள் உட்காரும் விளிம்பு. இங்கே ரிம் ஜோயிஸ்ற் என்பார்கள். பேஸ்மென்ற் கூரையின் ஓரத்தில், ஒவ்வொரு ஜோயிஸ்ற்றுக்கும் இடையில் தெரியும் பெட்டி போன்ற இடைவெளிகள்தான் அவை. அங்கே நுழைகிற குளிர்காற்று உங்கள் முன் அறைத் தரைக்கு நேர் கீழே ஓடுகிறது. ஃபேர்னஸ் எவ்வளவு புதிதாக இருந்தாலும் இது மாறாது.

ஒழுக்கைக் கண்டுபிடிக்க ஊதுவர்த்தி போதும். வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருக்கும், காற்றடிக்கும் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். ஃபேர்னஸையும் காஸ் சுடுநீர்த் தொட்டியையும் நிறுத்துங்கள். இது முக்கியம்: அவை ஓடும்போது வீட்டுக் காற்றை வெளியே இழுத்தால் புகைபோக்கியால் போக வேண்டிய காபன் மொனொக்சைட்டு வீட்டுக்குள் திரும்பும். எல்லாக் கதவு யன்னல்களையும் பூட்டி, குளியலறை விசிறி, குசினி விசிறி, உடுப்பு உலர்த்தி மூன்றையும் போட்டுவிட்டு, ஊதுவர்த்தியுடன் சுவரோரமாக நடந்து வாருங்கள். புகை எங்கே கிடையாக ஓடுகிறதோ அங்கே ஒழுக்கு. பென்சிலால் அடையாளமிடுங்கள். வெளிச்சுவரில் உள்ள மின்செருகிகள், யன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடைப்பட்ட கோடு, தபால் துளை, விறகு அடுப்பின் டாம்பர் எல்லாவற்றையும் பாருங்கள். முடிந்ததும் சுடுநீர்த் தொட்டியைத் திரும்பப் போட மறக்க வேண்டாம்.

இதையே அளவோடு செய்வது புளோவர் டோர் சோதனை. வாசற் கதவில் பெரிய விசிறியைப் பொருத்தி 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டில் ஒரு மணித்தியாலத்துக்கு வீட்டுக் காற்று எத்தனை முறை மாறுகிறது என்று அளப்பார்கள். எனர்கைட் (கனடா அரசின் வீட்டு எரிசக்தி மதிப்பீட்டு முறை) மதிப்பீட்டாளர் வந்தால் இதுவும் சேர்ந்தே நடக்கும். உதவித்தொகை பெறும் எண்ணம் இருந்தால் வேலையில் கை வைக்குமுன் திட்டத்தின் அன்றைய விதிகளைப் படியுங்கள். பல திட்டங்களில் வேலைக்கு முன் ஒரு மதிப்பீடு, பின் ஒரு மதிப்பீடு கட்டாயம். முடித்துவிட்டு விண்ணப்பித்தால் ஒரு சதமும் வராது.

ரிம் ஜோயிஸ்ற் வேலை நீங்களே செய்யக்கூடியது, செலவுக்கு மிகக் கூடிய பலன் தருவதும் அதுதான். இரண்டு அங்குல விறைப்பு போம் பலகையை வாங்கி, ஒவ்வொரு இடைவெளிக்கும் அளந்து, நாலு பக்கமும் கால் அங்குலம் குறைத்து வெட்டுங்கள். உள்ளே வைத்து, சுற்றிவர உள்ள இடுக்கை டப்பாவில் வரும் ஸ்பிரே போமால் நிரப்புங்கள். முன்பிருந்தவர்கள் திணித்த மஞ்சள் கண்ணாடிப் பஞ்சு இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். பஞ்சு காற்றைத் தடுக்காது. வீட்டின் ஈரக்காற்று அதனூடாகப் போய்க் குளிர்ந்த மரத்தில் தண்ணீராகப் படியும். பஞ்சின் பின்பக்கம் கறுத்திருந்தால் காரணம் அதுதான், மரம் இற்றிருக்கிறதா என்று ஊசியால் குத்திப் பாருங்கள். போமை வெறுமனே திறந்து விடுவதும் கூடாது. அது தீப்பற்றும் பொருள், டிரைவோல் (ஜிப்சம் சுவர்ப் பலகை) போன்ற ஒன்றால் மூட வேண்டும். ஃபேர்னஸின் உலோகப் புகைக்குழாய் அருகே போம் வேண்டவே வேண்டாம்.

இனி அற்றிக். அந்தக் காலத்து வீடுகளில் மூன்று, நான்கு அங்குலப் பஞ்சுதான் இருக்கும். இன்று ஒன்ராறியோவில் புது வீட்டுக்குக் கேட்கும் அளவு ஆர்-60 (ஆர் என்பது சூட்டைத் தடுக்கும் திறனின் அளவு). ஊதி நிரப்பும் செலுலோஸ் அங்குலத்துக்கு ஏறத்தாழ ஆர்-3.6 தரும். உங்களிடம் ஆர்-12 இருந்தால் மீதி ஆர்-48-க்குப் படிந்த பிறகு 13, 14 அங்குலம் தேவை. ஊதிய கண்ணாடிப் பஞ்சு அங்குலத்துக்கு 2.5 அளவில்தான் நிற்கும் என்பதால் அதே ஆர்-48-க்கு 19 அங்குலம் வேண்டும். விலை கேட்கும்போது அங்குலக் கணக்கை ஏற்க வேண்டாம். ஆர் அளவையும் எத்தனை பை இறங்கும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

பஞ்சைக் கிளறுமுன் ஒரு எச்சரிக்கை. சாம்பல் கலந்த பொன்னிறத்தில், சிறு கூழாங்கற்கள் போலப் பளபளக்கும் துகள்கள் கண்ணில் பட்டால் அது வேர்மிகியூலைற். 1990-க்கு முந்திய வீடுகளில் அதில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். தொடாமல் இறங்கி, மூடியை அடைத்து, மாதிரியைச் சோதனைக்கு அனுப்புகிறவர்களைக் கூப்பிடுங்கள்.

இன்சுலேசன் ஊதுமுன் கீழே உள்ள ஓட்டைகளை அடைக்க வேண்டும். பல கொம்பனிகள் இதைத் தவிர்த்துவிட்டு ஒரு நாளில் ஊதிவிட்டுப் போய்விடும், காரணம் கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு யாரும் காசு கேட்க விரும்புவதில்லை. கழிவுக் குழாயைச் சுற்றியும், மின்கம்பி இறங்கும் துளைகளிலும், உட்சுவர்களின் உச்சியிலும் போம் அடிக்க வேண்டும். செங்கல் சிமினியைச் சுற்றிய இடைவெளிக்கு மெல்லிய தகடும் உயர்வெப்பச் சிலிக்கனும். இன்சுலேசன் தொட அனுமதிக்கப்படாத பழைய பொட் லைற் (உட்கூரைக்குள் பதித்த விளக்கு) இருந்தால் மூடிய எல்.ஈ.டி-ஆக மாற்றிவிடுவது நல்லது. கூரை விளிம்பில் காற்று உள்ளே வரும் வழியை இன்சுலேசன் அடைத்துவிடாமல் ஒவ்வொரு ராஃப்ரர் (கூரைச் சட்டம்) இடையிலும் பஃபிள் தட்டு வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அற்றிக் ஈரம் வெளியேறாமல் கூரைப் பலகையின் அடியில் உறைந்து, பங்குனி வெயிலில் உருகிக் கூரைத் தட்டில் சொட்டும். கூரை ஒழுகுகிறது என்று ஓடு மாற்றச் செலவழிக்கும் பல வீடுகளின் உண்மைக் கதை இது. குளியலறை விசிறிக் குழாய் அற்றிக்குள்ளேயே முடிகிறதா என்றும் பாருங்கள். அது கூரைக்கு வெளியே போக வேண்டும், குழாயைச் சுற்றி இன்சுலேசனும் வேண்டும். கடைசியாக மூடி: மேலே நான்கு அங்குல போம் ஒட்டி, விளிம்பில் ரப்பர் பட்டி வைத்து, இறுகப் பிடிக்கும் கொக்கி போடுங்கள்.

வீடு இறுகினால் ஈரம் தங்கும். சோறு, இடியப்பம், குழம்பு என்று நாள் முழுக்க ஆவி பறக்கும் நம் குசினிகளில் இது சின்ன விஷயம் அல்ல. ஒரு சிறிய ஈரப்பத மானி வாங்கி வையுங்கள். குளிர்காலத்தில் 30 முதல் 40 சதவீதம் சரி. வெளியே மறை 20 (-20) பாகைக்குப் போகும் நாட்களில் 30-க்குக் கீழே இறக்குங்கள், இல்லாவிட்டால் யன்னல் அடியில் தண்ணீர் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். சமைக்கும்போது வெளியே தள்ளும் விசிறி, குளித்த பின் இருபது நிமிடம் குளியலறை விசிறி. வீடு நன்றாக இறுகிவிட்டால் எச்.ஆர்.வி ஒன்று தேவைப்படும். வெளியேறும் பழைய காற்றின் சூட்டில் பெரும்பகுதியை உள்ளே வரும் புதுக் காற்றுக்குக் கைமாற்றுகிற பெட்டி அது. ஏற்கெனவே இருந்தால் அதன் வடிகட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். பலர் வீட்டில் அது தூசி அடைத்துச் சத்தம் மட்டும் போட்டுக்கொண்டிருக்கும். சக்தி கூடிய குசினி விசிறியும் பழைய காஸ் சுடுநீர்த் தொட்டியும் ஒரே வீட்டில் இருந்தால் காபன் மொனொக்சைட்டு அலாரம் ஒவ்வொரு தளத்திலும் வையுங்கள்.

இருக்கிற ஃபேர்னஸிலேயே சரி செய்யக்கூடியவை சில உண்டு. வடிகட்டி அடைத்தால் காற்று குறையும், உள்ளிருக்கும் வெப்பமாற்றி அளவுக்கு மீறிச் சூடாகும், பாதுகாப்புச் சுவிட்ச் தீயை அணைக்கும், ஆறிய பிறகு திரும்பப் பற்றும். “ஃபேர்னஸ் நின்று நின்று ஓடுகிறது” என்று கூப்பிடும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஒரு அங்குல வடிகட்டி என்றால் மேர்வ்-8 போதும் (மேர்வ் என்பது தூசியைப் பிடிக்கும் திறனின் அளவு), ஒன்று முதல் மூன்று மாதத்தில் மாற்றுங்கள். அதே ஒரு அங்குலத்தில் மேர்வ்-13 போட்டால் பல பழைய விசிறிகள் மூச்சுத் திணறும். அந்த அளவு வேண்டுமென்றால் நான்கு அங்குலப் பெட்டி வைக்க வேண்டும். பாவிக்காத அறைகளின் காற்றுத் துவாரங்களை மூடிவிட்டால் மிச்சம் பிடிக்கலாம் என்பதும் தவறு. டக்ற்றில் (காற்றுக் குழாயில்) அழுத்தம் கூடி, இணைப்புகளால் பேஸ்மென்ற்றுக்குள் காற்று ஒழுகும். அந்த இணைப்புகளை அலுமினியத் தாள் ரேப்பால் அல்லது மாஸ்ரிக் பசையால் அடையுங்கள். டக்ற் ரேப் என்றே விற்கப்படும் சாம்பல் நிறத் துணி ரேப் சூட்டில் ஓரிரு வருடத்தில் உரிந்துவிடும்.

தேர்மோஸ்ராற்றில் விசிறியை ‘ஓட்டோ’வில் விடுங்கள். பழைய ரக மோட்டார் 400, 500 வாற் இழுக்கும். 500 வாற் மோட்டார் மாதம் முழுக்க ஓடினால் 360 கிலோவாற் மணி, அது மின்கட்டணத்தில் தனியாகத் தெரியும். பகலில் 20, 21 பாகை, இரவில் 17, 18 என்பது காஸ் ஃபேர்னஸுக்கு நல்ல பழக்கம். ஹீற் பம்ப் வந்த பிறகு இதை மாற்ற வேண்டும், அதற்குக் கீழே வருகிறேன்.

அடுத்தது அளவு. ஒரு கடுதாசியும் பழைய பில்களும் இருந்தால் உங்கள் வீட்டுக்கு எவ்வளவு வெப்பம் தேவை என்று நீங்களே போடலாம். உதாரணமாக, தை மாதம் 400 கன மீற்றர் காஸ், ஆடி மாதம் 60. ஆடியில் எரிந்தது சுடுநீருக்கும் அடுப்புக்கும். ஆகவே வீட்டைச் சூடாக்க 340. ஒரு கன மீற்றரில் ஏறத்தாழ 10.4 கிலோவாற் மணி இருக்கிறது. ஃபேர்னஸ் 90 சதவீதத் திறன் என்றால் வீட்டுக்குள் வந்தது 3,180 கிலோவாற் மணி. மாதத்துக்கு 744 மணித்தியாலம், வகுத்தால் சராசரி 4.3 கிலோவாற். ரொறன்ரோவில் தை மாதச் சராசரி மறை 4 அளவில். உள்ளே 21 என்றால் வேறுபாடு 25 பாகை. மிகக் குளிரான நாளை மறை 20 என்று வைத்தால் வேறுபாடு 41. 4.3-ஐ 25-ஆல் வகுத்து 41-ஆல் பெருக்கினால் 7 கிலோவாற், அதாவது மணிக்கு ஏறத்தாழ 24,000 பி.ரி.யு (ஃபேர்னஸ் தகட்டில் வெப்பத்தை எழுதும் அலகு). வெயிலும் மனிதர்களும் அடுப்பும் தரும் சூடு இந்தக் கணக்கில் வராது, அதற்காக இன்னும் 15 சதவீதம் கூட்டினாலும் 28,000-ஐத் தாண்டாது. இப்போது உங்கள் ஃபேர்னஸின் தகட்டைப் பாருங்கள். 80,000 அல்லது 100,000 என்று இருக்கும். மூன்று மடங்கு. “பழையது எவ்வளவோ அதையே போடுகிறோம்” என்று சொல்லும் ஒப்பந்தக்காரரிடம் சி.எஸ்.ஏ எஃப்280 (வீட்டுக்குத் தேவையான வெப்பத்தைக் கணக்கிடும் கனடியத் தரம்) முறைப்படி கணக்குப் போட்ட தாளைக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் வேறு ஆள்.

உங்கள் ஃபேர்னஸ் எந்த வகை என்று தெரியாவிட்டால் புகைக்குழாயைப் பாருங்கள். உலோகக் குழாய் சிமினிக்குள் போனால் அது 80 சதவீதச் சுற்றில் உள்ள பழைய வகை. வெள்ளை பிளாஸ்ரிக் குழாய் பக்கச் சுவரால் போனால் 90-க்கு மேல். 90-ஐ 96 ஆக்குவதற்காக மட்டும் நல்ல ஃபேர்னஸைக் கழற்றுவதில் இலாபமில்லை. 80 என்றால் வேறு கதை.

ஹீற் பம்ப் இலாபமா என்பதற்கு ஒரே பதில் கிடையாது, ஆனால் சுலபமான சூத்திரம் உண்டு. 95 சதவீத ஃபேர்னஸில் ஒரு கன மீற்றர் காஸ் ஏறத்தாழ 10 கிலோவாற் மணி சூடு தரும். ஆகவே மின்சாரத்தின் ஓர் அலகு விலையைப் பத்தால் பெருக்கி, காஸின் ஒரு கன மீற்றர் விலையால் வகுங்கள். வரும் எண்ணைவிட ஹீற் பம்பின் சீ.ஓ.பி (ஓர் அலகு மின்சாரத்துக்கு அது தரும் சூட்டின் அலகுகள்) கூடுதலாக இருக்கும் வெப்பநிலையில் ஹீற் பம்ப் மலிவு, குறைந்தால் காஸ் மலிவு. மாதாந்த நிலையான கட்டணங்களைச் சேர்க்க வேண்டாம். பயன்பாட்டோடு ஏறி இறங்கும் தொகையை மட்டும் எடுங்கள். விநியோகக் கட்டணமும் வரியும் அதில் அடங்க வேண்டும். உதாரணத்துக்கு மின்சாரம் 12 சதம், காஸ் 40 சதம் என்றால் விடை 3. குளிர் நாடுகளுக்கென்று செய்த நல்ல ஹீற் பம்புக்கு வெளியே 8 பாகையில் 3-க்கு மேல் கிடைக்கும், மறை 8-இல் 2 முதல் 2.5, மறை 15-இல் 2-க்குச் சற்றுக் கீழே. அதாவது அந்த விலையில் இலையுதிர், இளவேனில் காலங்களில் மட்டுமே மின்சாரம் மலிவு. மின்சாரம் 5 சதம் என்றாலோ விடை 1.25, தை மாதக் குளிரிலும் ஹீற் பம்ப் வெல்லும். இரவு 11 முதல் காலை 7 வரை மிகக் குறைந்த விலை தரும் கட்டணத் திட்டத்தை ஒன்ராறியோவில் தேர்ந்தெடுக்கலாம். அதில் வார நாட்களில் மாலை 4 முதல் 9 வரை விலை கடுமை. அந்த நேரத்தில் காஸ் ஓடும்படி வைத்தால் கணக்குச் சரி.

இணையத்தில் கிடக்கும் பழைய ஒப்பீடுகளை நம்ப வேண்டாம். 2025 ஏப்ரல் 1-இல் வீட்டுக் காஸ் மீதான காபன் கட்டணம் நீங்கியது. அதற்கு முன் அது கன மீற்றருக்கு 15 சதத்துக்கு மேல் இருந்தது. அந்த மாற்றம் மட்டுமே பல கணக்குகளைப் புரட்டிவிட்டது.

சுற்றுச்சூழல் கணக்கில் விடை தெளிவாக இருக்கிறது. ஒரு கன மீற்றர் காஸ் எரிந்தால் ஏறத்தாழ 1.9 கிலோ காபனீரொட்சைட்டு, அதாவது ஒரு கிலோவாற் மணி சூட்டுக்கு 190 கிராம். ஒன்ராறியோ 2014-இல் நிலக்கரி மின்சாரத்தை முற்றாக நிறுத்தியது. இப்போது பெரும்பகுதி அணுவும் நீரும். மின்சாரத்தின் ஓர் அலகுக்கு 100 கிராம் என்று கூட்டிப் போட்டாலும், சீ.ஓ.பி 2.5-இல் 40 கிராம்தான். பீக் நேரத்தில் ஓடுவது காஸ் மின்நிலையம் என்று வாதிட்டு 450 கிராம் போட்டாலும் 180, காஸ் ஃபேர்னஸின் 190-ஐத் தாண்டாது.

ஆகவே இந்த வீட்டுக்கு என் சிபாரிசு கலப்பு முறை: இரண்டு தொன் (மணிக்கு 24,000 பி.ரி.யு) அளவில் டக்ற்றில் பொருந்தும் குளிர்கால ஹீற் பம்ப், கூடவே ஃபேர்னஸ், மேற்சொன்ன சூத்திரம் தரும் வெப்பநிலையில் மாறும் தேர்மோஸ்ராற். குளிரூட்டியும் பழசாகியிருந்தால் இன்னும் பொருத்தம், ஏனென்றால் அதே வெளிப்பெட்டி கோடையில் குளிர்விக்கும். முழுக்க மின்சாரத்துக்குப் போய்க் காஸை வெட்டினால் மாதாந்த நிலையான கட்டணமும் மிச்சம். ஆனால் கடுங்குளிரில் கைகொடுக்கும் 10 கிலோவாற் மின்சாரத் துணைச் சூடாக்கி மட்டும் 42 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர் பலகையில் மின்அடுப்பும் உலர்த்தியும் இருந்தால் மின்பலகையை மாற்றும் செலவு சேரலாம். மேற்சொன்ன ஒழுக்கு வேலைகளை முடித்த வீட்டுக்குத் துணைச் சூடாக்கியே சிறிதாகப் போதும்.

பொருத்தும்போது கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று இடங்களில். முதலாவது டக்ற். ஹீற் பம்ப் தரும் காற்று 35 முதல் 45 பாகை, காஸ் தருவதைவிட மென்மையான சூடு. அதனால் தொன்னுக்கு 350 முதல் 400 சி.எஃப்.எம் (நிமிடத்துக்குக் கன அடி) காற்றோட்டம் வேண்டும். திரும்பி வரும் டக்ற் ஒடுங்கலாக இருந்தால் சத்தமும் குறைந்த திறனும்தான் மிஞ்சும். இரண்டாவது வெளிப்பெட்டி. தரையிலிருந்து 30 முதல் 45 சென்ரிமீற்றர் உயரத்தில் தாங்கியில் நிற்க வேண்டும், கூரைத் தண்ணீர் சொட்டும் கோட்டுக்குக் கீழே கூடாது. பனியுருக்கும் நேரத்தில் அதிலிருந்து தண்ணீர் வடியும், நடைபாதையில் வடிந்தால் பளிங்கு போல உறைந்து யாராவது விழுவார்கள். மூன்றாவது தேர்மோஸ்ராற் பழக்கம். இரவில் நாலு பாகை குறைத்துக் காலையில் ஏற்றினால் துணைச் சூடாக்கியோ காஸோ பற்றி, மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும். ஒன்றிரண்டு பாகைக்கு மேல் இறக்க வேண்டாம்.

யன்னல்களுக்கு இப்போதைக்குச் சட்டத்தைச் சுற்றிக் கோல்க் (இடுக்கை அடைக்கும் பசை), உட்பக்கம் உலர்த்தியால் இறுக்கும் பிளாஸ்ரிக் தாள். இரட்டைக் கண்ணாடிக்குள் ஈரம் மங்கலாகப் படிந்தவை, மரம் இற்றவை மட்டும் மாற்றுங்கள். நல்ல நிலையில் உள்ள யன்னலை மாற்றிய செலவு பில்லில் திரும்ப இருபது, முப்பது வருடம் பிடிக்கும்.

18 வயது ஃபேர்னஸ் ஒரு தை மாத இரவில் நிற்கலாம். அந்த இரவில் வாங்குகிற மெஷின் எப்போதும் பெரிதாகவும் விலை கூடியும் இருக்கும். அதனால் வெயில் காலத்திலேயே மூன்று விலைக்கோரல் எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றிலும் மறை 15 பாகையில் எத்தனை பி.ரி.யு தரும், மாறும் வெப்பநிலை எது, மின்வேலைக்கு ஈ.எஸ்.ஏ (மின் பாதுகாப்பு அதிகாரசபை) அனுமதி யார் எடுப்பது, காஸ் வேலை செய்பவரிடம் டி.எஸ்.எஸ்.ஏ (தொழில்நுட்பப் பாதுகாப்பு அதிகாரசபை) உரிமம் உண்டா என்பவை எழுதப்பட்டிருக்க வேண்டும். கதவைத் தட்டி வருபவர்களிடம் கையெழுத்து வேண்டாம். அழைக்காமல் வீட்டு வாசலில் ஃபேர்னஸ், சுடுநீர்த் தொட்டி ஒப்பந்தம் செய்வதை ஒன்ராறியோ 2018-இலேயே தடை செய்துவிட்டது. மாத வாடகைக்கு ஹீற் பம்ப் என்று வந்தால் மொத்த மாதங்களால் பெருக்கிப் பாருங்கள். முன்பு போட்ட வாடகை ஒப்பந்தம் ஏதாவது வீட்டுப் பத்திரத்தில் பதிவாகியிருக்கிறதா என்றும் ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். நுகர்பொருட்களுக்கு அப்படிப் பதிவதை 2024-இல் மாகாணம் நிறுத்திவிட்டது.